விமான உறுப்புகளும் சாணைச் சூடும்

கத்தியைச் சாணை பிடிக்கையில் சற்று அழுத்திவிட்டால் விளிம்பில் நீல நிறம் படர்வதைப் பலரும் கண்டிருப்பர். அவ்விடம் பதம் இழந்துவிட்டது. இனிக் கூர் நில்லாது. கத்தியானால் நட்டம் சிறிதே. தரையிறங்கும் விமானத்தின் பாரத்தைத் தாங்கும் கால்களில் இதே கோளாறு நேர்ந்தால்?

அக்கால்களினுள் மேலும் கீழும் வழுக்கி அதிர்ச்சியை ஏற்கும் தண்டு, மிக உறுதியான எஃகினால் ஆனது. பல விமானங்களில் அதன்மேல் குரோமிய முலாம் இருக்கும். முலாம் தேய்ந்தாலோ கீறலுற்றாலோ, பழுதுபார்க்கும் சாலையில் அதை நீக்கிவிட்டு, வேண்டிய அளவைவிடச் சற்றுத் தடிப்பாகப் புதிய முலாமிட்டு, பிறகு சாணை இயந்திரத்தில் உரிய அளவுக்குத் தேய்க்கிறார்கள். பெங்களூரில் 1940-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய நிலையமாக விளங்கியது.

இவ்வேலையில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கும் பெரிய பிழையாகலாம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய அந்த அளவு, அதாவது 0.011 மில்லிமீட்டர், பருத்துவிடும். (ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம்.) சூட்டோடு அளந்து சரியென்று நிறுத்தினால், ஆறியபின் தண்டு மெலிந்திருக்கும். தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க இயலாது. அளவுகள் யாவும் 20 பாகை சென்டிகிரேடுக்கு உரியவை. ஆகவே தொழிலாளி காத்திருந்தே அளக்கிறார்.

அளவுப்பிழையையாவது கருவி காட்டிவிடும். காட்டாதது எஃகின் பதக்கேடு. இத்தகைய தண்டுகளுக்கு உபயோகமாகும் 300எம் என்னும் எஃகு, செஞ்சூட்டிலிருந்து குளிரவைத்துக் கடினமாக்கப்பட்டபின், சுமார் 300 பாகையில் பதப்படுத்தப்படுகிறது. சாணைச் சக்கரம் தொடும் இடத்தில் அதற்கு மேல் சூடு ஏறினால் எஃகு மென்மையாகும். செஞ்சூட்டை எட்டி, குளிர்விக்கும் திரவம் பட்டு உடனே ஆறினாலோ, கண்ணாடிபோல் நொறுங்கும் மெல்லிய படலம் உண்டாகும். வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

முலாமில்லாத எஃகில் நீர்த்த நைட்ரிக் அமிலக் கரைசலால் இதைக் கண்டுகொள்ளலாம்: மென்மையான இடம் கருக்கும், மீண்டும் கடினமான இடம் வெளுக்கும். முலாமின் அடியிலோ அமிலம் எட்டாது. மேலே பளபளப்பு, அளவும் சரி, உள்ளே கேடு! காந்தமேற்றும்போது எஃகில் எழும் நுண்ணிய காந்த இரைச்சலைக் கேட்டறியும் பார்க்ஹௌசன் முறை இன்று இதற்கு உதவுகிறது.

தடுக்கும் வழிகள் எளியவையே. மழுங்கிய சக்கரம் வெட்டுவதில்லை, வெறுமனே உராய்கிறது. உராய்வே சூட்டுக்கு மூலம். ஆகவே சக்கரத்தை வைரமுனையால் அடிக்கடி சீர்செய்து, ஒவ்வொரு முறையும் சிறிதளவே தேய்த்து, திரவம் தொடும் இடத்திலேயே பாயுமாறு வைக்கவேண்டும். அனுபவமுள்ளவர் சக்கரத்தின் ஒலி மாறுவதைக் கொண்டே அது மழுங்கியதை அறிவார். சக்கரம் ஒரு கணம் கூடுதலாக அழுந்திவிட்டால், அதைக் கண்டவர் அவர் ஒருவரே. அவர் ஏட்டில் குறித்துவைத்தால், தண்டைத் தனியே வைத்து, முலாமை அகற்றி, அமிலத்தால் சோதிப்பார்கள்.