ஸ்டார் ட்ரெக்: ரசிகர்களே 'ஸ்கிப்' பண்ணச் சொல்லும் எபிசோடு... அப்படி என்ன ஆச்சு?

தாம்பரத்தில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு 'ஸ்டார் ட்ரெக்' எபிசோடு பார்த்துடலாம். ஆனால் 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' மட்டும் வேண்டாம் என்பதே ரசிகர்கள் பலரின் அட்வைஸ்.

ஏன்?

1989-ல் ஒளிபரப்பான இது, 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 2-வது சீசனின் கடைசி எபிசோடு. ரைக்கர் நோயில் மயங்கிக் கிடப்பார். மீதி பெரும்பாலும் பழைய காட்சிகள்தான். நம்ம சீரியல் ஃபிளாஷ்பேக் மாதிரி!

காரணம் என்ன?

1988 எழுத்தாளர்கள் ஸ்டிரைக்கால் அந்த சீசனே 22 எபிசோடாகச் சுருங்கியது. போர்க் வில்லன்கள் அறிமுகமான 'க்யூ ஹூ' போன்ற எபிசோடுகளுக்குச் செலவு எகிறியது. அதை ஈடுகட்டத்தான் இதை 3 நாளில் எடுத்து முடித்தார்கள்.

அதாவது, 'க்யூ ஹூ' பிரமாதமாக வந்ததற்குப் பலியானது இந்த எபிசோடுதான்!