பாசிட்ரான் அளப்பது நேரத்தை, துளையை அல்ல

மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்குகிறது. சேந்தமங்கலம், இராசிபுரம், கொல்லிமலைச் செம்மேடு பக்கமிருந்து வந்த மாணவர் கடிதங்களில் ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது: எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானின் அழிவைக் கொண்டு திரவப் படிகங்களின் நிலைமாற்றத்தை ஆராய்வது. மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள துளைகளைப் பாசிட்ரான் நேரடியாக அளந்து சொல்லும் என்று படித்துவிட்டு, அது எப்படி முடியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது துளையை அளப்பதே இல்லை.

எந்த நிலைமாற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

5சிபி என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. கால்குலேட்டர் திரைக்கும் கைக்கடிகாரத் திரைக்கும் வழி திறந்த வகையைச் சேர்ந்தது. சுமார் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் தெளிந்த திரவம். அதற்குக் கீழே நெமாட்டிக் நிலை: மூலக்கூறுகள் ஓடிக்கொண்டே ஏறக்குறைய ஒரே திசையில் நீண்டு நிற்கும், திரவம் வெண்மையாகக் கலங்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே படிகம்.

சித்திரை மதியம் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் 38 டிகிரி வெயிலில் தெளிவாக இருக்கும் 5சிபி குப்பியை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே கொண்டுபோனால், மலை உச்சியின் குளுமைக்கு அது கலங்கிவிடும். மார்கழி இரவில் அங்கேயே வைத்தால் உறைய வேண்டும். ஆனால் உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நெமாட்டிக்காகவே நீடிக்கவும் கூடும். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது, அது எந்த வெப்பநிலையில் சுருங்குகிறது என்பதை அறியத்தான் பாசிட்ரானை அனுப்புகிறார்கள்.

கடிகாரம் எப்படி ஓடுகிறது?

இந்த முறையின் அழகு இங்கேதான். சோடியம்-22 உப்புக் கரைசலில் ஒரு துளியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலர்த்தி, இன்னொரு தாளால் மூடி, சோதிக்கும் பொருளுக்கு நடுவே வைக்கிறார்கள். அந்த அணு பாசிட்ரானை உமிழ்ந்த சில பிக்கோ நொடிகளுக்குள் 1.27 எம்இவி ஆற்றலுள்ள காமா கதிரையும் விடும். ஒரு டிடெக்டர் அதைப் பிடித்ததும் கடிகாரம் தொடங்கும். பாசிட்ரான் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது வரும் 511 கேஇவி காமா கதிரை மற்றொரு டிடெக்டர் பிடித்ததும் கடிகாரம் நிற்கும். பிறந்ததற்கும் இறந்ததற்கும் இயற்கையே தனித்தனி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது.

இப்படிப் பத்து லட்சம் நிகழ்வுகளைச் சேர்த்தால் ஒரு சரிவுக்கோடு கிடைக்கும். அதில் பல ஆயுட்காலங்கள் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது மிக நீண்டது. சில பாசிட்ரான்கள் அழிவதற்கு முன் ஓர் எலக்ட்ரானைக் கூட்டிக்கொண்டு பாசிட்ரோனியம் ஆகின்றன. அதில் ஆர்த்தோ வகை வெற்றிடத்தில் 142 நானோ நொடி வாழும். பொருளுக்குள் அக்கம்பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான் குறுக்கிடுவதால், ஆயுள் ஒன்று முதல் ஐந்து நானோ நொடி அளவுக்குக் குறைந்துவிடும். இடம் தாராளமாக இருந்தால் ஆயுள் கூடும், நெருக்கடியானால் குறையும்.

அப்படியானால் துளையின் அளவு எங்கிருந்து வந்தது?

ஒரு சூத்திரத்திலிருந்து. தாவோ 1972-லும் எல்ட்ரப் குழுவினர் 1981-லும் செப்பனிட்ட அந்தச் சூத்திரப்படி, 2 நானோ நொடி ஆயுள் என்றால் துளையின் ஆரம் சுமார் 0.29 நானோமீட்டர், 3 நானோ நொடி என்றால் சுமார் 0.37. ஆய்வு அறிக்கைகளில் இந்த எண்கள் அளவுகோல் வைத்து அளந்த தோரணையில் வந்துவிடுகின்றன. சூத்திரமோ துளையை உருண்டை என்றே வைத்துக்கொள்கிறது. நீளக் குச்சி வடிவ மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்கும்போது நடுவே விழும் இடம் ஏன் உருண்டையாக இருக்க வேண்டும்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. திரவத்தில் பாசிட்ரோனியம் கிடைத்த இடத்தில் ஒடுங்கிக் கிடப்பதில்லை. சுற்றியுள்ள மூலக்கூறுகளைத் தள்ளித் தனக்கென ஒரு குமிழை உண்டாக்கிக்கொள்கிறது. திரவ ஹீலியத்துக்காக ஃபெரல் 1957-லேயே சொன்ன கருத்து இது. குமிழ் எவ்வளவு பெரிதாகும் என்பதைத் திரவத்தின் பரப்பு இழுவிசை தீர்மானிக்கும். ஈரமண்ணில் விரலை அழுத்திவிட்டு, "மண்ணில் இத்தனை பெரிய பள்ளம் இருந்தது" என்று சொன்னால் எப்படி?

படிகத்திலும் கண்ணாடி நிலையிலும் மூலக்கூறுகள் எளிதில் விலகா. அங்கே பாசிட்ரோனியம் ஏற்கெனவே இருந்த இடத்தைத் தேடிப் போய்த் தங்குகிறது. உருகியபின் இடத்தை அதுவே தோண்டுகிறது. ஆகவே உருகுநிலையில் ஆயுள் சட்டென்று தாவும்போது பொருள் மட்டும் மாறவில்லை. அந்த எண் எதைக் குறிக்கிறதோ அதுவும் மாறிவிடுகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் "துளை அளவு" என்று கோடிழுத்துக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஆயுட்காலத்தை ஆயுட்காலமாகவே காட்டுங்கள். பக்கத்தில் அடர்த்தியையும் வெப்ப அளவீட்டையும் வையுங்கள். அதுதான் நேர்மை.

கலங்கல் தெளியும் மாற்றத்தை இந்த முறை காட்டுமா?

மங்கலாகத்தான். அங்கே அடர்த்தி மாற்றம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

"மாதிரிக்கு எந்தச் சேதமும் இல்லை" என்பது சரியா?

பெருமளவு சரிதான். ஆனாலும் பல மணி நேரக் கதிர்வீச்சுக்குப் பிறகு நிலைமாற்ற வெப்பநிலையை மறுபடி பார்க்காமல் அப்படி எழுதக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த நுட்பம் எங்கே இருக்கிறது?

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில்; அங்கே பெரும்பாலும் உலோகக் குறைகளையும் அணு உலைப் பொருட்களையும் பார்க்கிறார்கள்.

திரவப் படிக ஆய்வில் நம் நாட்டின் பங்கு?

தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-இல் காட்டியது பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் எஸ். சந்திரசேகர் குழு.

பெட் ஸ்கேனும் இதேதானா?

அழிவு அதேதான். ஆனால் அது எங்கே நடந்தது என்று பெட் பார்க்கிறது; எப்போது நடந்தது என்று இது பார்க்கிறது.

மலையிலுள்ள கல்லூரி மாணவர் வீட்டிலிருந்தே என்ன செய்யலாம்?

கதிரியக்க மூலத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு, அது வேண்டாம். பழைய கால்குலேட்டர் திரையை மெல்லச் சூடாக்கினால், திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து, ஆறியதும் திரும்பப் பெறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

"துளையை அளப்பேன்" என்று எழுதாதீர்கள். "ஆயுட்காலத்தை அளந்து, அது துளையா குமிழா என்று சோதிப்பேன்" என்று எழுதுங்கள்.