வண்டியில்லாத முன்னோடிகள்

அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்திலே கிளென்ஸ் பெரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1840-களில் மேற்கே நிலந்தேடிப் போனவர்கள் அவ்விடத்தில் ஸ்நேக் நதியைக் கடந்தார்கள். அதை நினைவுகூர்ந்து அவ்வூர் ஜனங்கள் பல வருஷகாலம், பழைய உடை தரித்து, கூண்டு வண்டிகளை ஆற்றில் இறக்கி அக்கரை சேர்த்துக் காட்டி வந்தார்கள். அப்படிப் போனவர்களுக்கு அந்த நாட்டில் 'முன்னோடிகள்' என்று பட்டம். (அந்நிலத்தின் பூர்வ குடிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்!)

நம்மவரும் அத்தகைய பிரயாணம் செய்ததுண்டு. இவர்களுக்குக் கிடைத்த பட்டமோ 'கூலி' என்பது.

1820-களிலிருந்து தமிழ்நாட்டு ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டார்கள். தோணியில் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கினால், அப்பால் மாத்தளை வரையில் காடு. வண்டியேது, மாடேது? தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நடக்க வேண்டியதுதான். வாந்திபேதியும் காட்டுச் சுரமும் வழியெங்கும் காத்திருந்தன. விழுந்தவர்களை அங்கேயே விட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மலை சேர்ந்து ஒரு காப்பிப் பழத்தைப் பறிக்குமுன்பே, தோணிக் கூலியும் வழியில் உண்ட சோறும் அவர்கள் பெயரில் கடனாக ஏறியிருக்கும்!

காப்பி நோயால் அழிந்தது, தேயிலை வந்தது. வருஷம் முழுதும் வேலை தரும் தேயிலை அவர்களை மலையிலேயே நிலைக்கச் செய்தது. ஆனால் 1948-ல் விடுதலை பெற்ற இலங்கை, அவ்வருஷமே சட்டமியற்றி லட்சக்கணக்கானோரைப் பிரஜா உரிமையற்றவர்களாக்கிற்று. 1964-ல் சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தமோ, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, சம்பந்தப்பட்டவர்களைக் கேளாமலே பங்கு பிரித்தது. நம் தேசமும் இதில் கையொப்பமிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

இருநூறு வருஷம் நிறைந்த 2023-ல், அவர்களுடைய சந்ததியார் அந்தப் பழைய வழியை மீண்டும் நடந்தார்கள். ஜூலை 28-ல் தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்டு 12-ல் மாத்தளை சேர்ந்தார்கள். சுமார் 250 கிலோமீட்டர். சிங்களரும் முஸ்லிம்களும் வழியில் அவர்களை வரவேற்று உபசரித்தார்கள். வேஷம் கட்டவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. பாட்டனார் நடந்த பாதையில் பேரர்கள் நடந்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் கேட்டதும் புதிதல்ல: நாட்டை வளமாக்கிய உழைப்புக்கு மதிப்பு, உழைப்புக்கேற்ற ஊதியம், சொந்தமாக ஒரு துண்டு நிலம், அதில் ஒரு வீடு. வெள்ளைக்கார துரைமார் காலத்தில் கட்டிய 'லயன்' அறைகளில் இன்றும் பல குடும்பங்கள் குடியிருக்கின்றன.