வீட்டில் இருந்தே பல்கலைக்கழக ஆய்விதழ்களைப் படிக்கலாம்: எப்படி?

வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேர பிஎச்.டி. செய்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. பல்கலைக்கழக கம்ப்யூட்டரில் ஒரே கிளிக்கில் திறந்த ஆய்வுக் கட்டுரை, ராத்திரி வீட்டுக்கு வந்து மொபைலில் தேடினால் பூட்டிக் கிடக்கும். படிக்கப் பணம் கேட்கும். பெரிய பதிப்பகங்களின் பல இதழ்களில் ஒரே ஒரு கட்டுரைக்கு 30 டாலருக்கு மேல் ஆகும்.

அவசரப்பட்டு கார்டை எடுக்காதீர்கள். அந்த இதழுக்கு உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். நீங்கள் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் பூட்டிக்கொள்கிறது?

சந்தா கட்டிய நிறுவனத்தின் ஐ.பி. முகவரிகள் பதிப்பகத்திடம் பதிவாகியிருக்கும். வளாக வைஃபையில் இருந்து போனால், அந்த முகவரியைப் பார்த்துத் தளம் திறந்துவிடும். வீட்டு வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் முகவரி வேறு. அதனால்தான் இந்தச் சிக்கல்.

எப்படித் திறப்பது?

1. நூலகப் பக்கம் வழியாக: கூகுளில் தேடி நேராகப் பதிப்பகத் தளத்துக்குப் போகாமல், நூலக இணையதளத்தில் உள்ள லிங்க்கை அழுத்துங்கள். லாகின் செய்ததும், நீங்கள் வளாகத்துக்குள் இருந்து வருவதுபோல ப்ராக்ஸி சர்வர் காட்டிவிடும். உலகம் முழுக்கப் பல நூலகங்கள் பயன்படுத்தும் 'ஈஸி ப்ராக்ஸி' இந்த வகைதான்.

2. நிறுவன லாகின்: கட்டுரைப் பக்கத்திலேயே 'நிறுவனம் வழியாக நுழைக' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பட்டன் இருக்கும். அதில் உங்கள் கல்வி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து லாகின் செய்யலாம். இந்தியாவில் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற பெயரில் இந்த வசதியைத் தருகிறது.

3. வி.பி.என்.: பல்கலைக்கழகமே தரும் வி.பி.என். மட்டும்தான் உதவும். ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் இலவச வி.பி.என். எதுவும் இதற்கு வேலைக்கு ஆகாது.

உங்கள் நிறுவனத்தில் எது உண்டு என்று நூலகரிடம் கேளுங்கள். கணக்கு தொடங்க வேண்டுமா என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

அரசுக் கல்லூரியா?

அப்படியானால் இன்னொரு கதவும் இருக்கிறது. 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் கீழ் உள்ள 6,300-க்கும் அதிகமான நிறுவனங்களில் படிப்பவர்கள் பார்க்கலாம். சின்ன ஊர் அரசுக் கல்லூரியும் இதில் இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

பாஸ்வேர்டை நண்பர்களுக்குத் தராதீர்கள். மென்பொருள் வைத்து மொத்தமாக டவுன்லோட் செய்வதும் ஆபத்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2010-ல் ஒருவர் லேப்டாப் மூலம் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியதால், ஜேஸ்டோர் தளம் சில நாட்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் முழுவதையுமே தடுத்து வைத்தது. ஒருவர் செய்ததற்கு எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

படிப்பு முடிந்துவிட்டதா?

பொதுவாக லாகினும் அதோடு முடிந்துவிடும். ஆனாலும் சட்டப்படியே வழி உண்டு. கூகுள் ஸ்காலரில் தேடும்போது வலது ஓரத்தில் இலவச பி.டி.எஃப். லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். 'அன்பேவால்' என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனும் இலவசப் பிரதிகளைத் தேடித் தரும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை 'சோத்கங்கா' தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால், கட்டுரை எழுதியவருக்கே ஒரு மெயில் போடுங்கள். கேட்டால் அனுப்பி வைக்கும் ஆய்வாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள், நாளைக்கே நூலகத்துக்கு ஒரு போன் போட்டு லாகினை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி ராத்திரியில் நூலகர் போனை எடுக்க மாட்டார்.