சின்னத் துளையில் பெரிய பிளக்!

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பார்கள் பெரியவர்கள். மின்சாரத்துக்கும் இது பொருந்தும். கருவிக்குத் தகுந்த பிளக் வேண்டும். பிளக்குக்குத் தகுந்த பாயிண்ட் வேண்டும். இது தவறினால் வீட்டுக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து!

இன்று மிக்சி இல்லாத சமையலறை அபூர்வம். கிரைண்டர், பிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சுவரில் உள்ள பாயிண்டுகளோ, பல வீடுகளில் வீடு கட்டிய நாளில் வைத்தவை. கருவிகள் கூடிவிட்டன, பாயிண்டுகள் கூடவில்லை.

புதுக் கருவி வருகிறது. பிளக் நுழைய மறுக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? நுழைகிற மாதிரி ஏதாவது செய்துவிடுகிறோம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு அளவுகள்

நம் வீடுகளில் மூன்று பின் பாயிண்டுகள் இரண்டு அளவில் இருக்கின்றன. சிறியது 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். பெரியதைத்தான் "பவர் பிளக்" என்று சொல்கிறோம். பழைய வீடுகளில் இவை 5, 15 என்று இருக்கும். சிறிய பிளக்கின் பின்கள் மெல்லியவை. பெரிய பிளக்கின் பின்கள் தடித்தவை.

ஆம்பியர் என்றால் என்ன? குழாயில் தண்ணீர் ஓடுகிறது. மெல்லிய குழாயில் கொஞ்சம் ஓடும். பெரிய குழாயில் நிறைய ஓடும். அதுபோல, வயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைச் சொல்லும் அளவுதான் ஆம்பியர்.

பெரிய பிளக் சின்னத் துளையில் நுழையாமல் இருப்பது குறை அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது வீட்டுக்கு ஒரு காவல்.

ஒரு வகுத்தல் கணக்கு

எந்தக் கருவிக்கு எந்தப் பாயிண்ட்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடச் சொல்லிவிடலாம். கருவியின் அடியிலோ முதுகிலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வாட் எவ்வளவு என்று எண் இருக்கும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைத்துவிடும்.

750 வாட் மிக்சிக்கு 3 ஆம்பியருக்குச் சற்று மேல். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியர். இவை சிறிய பாயிண்டில் அடங்கும்.

2000 வாட் கெய்சருக்கும், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் 8.7 ஆம்பியர். 3000 வாட் கெய்சருக்கு 13 ஆம்பியர். இவற்றுக்குப் பெரிய பாயிண்டுதான் வேண்டும்.

கணக்குப் போட நேரமில்லையா? 1000 வாட்டுக்கு மேல் போனால் பெரிய பாயிண்ட் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம். கருவியோடு பெரிய பிளக் வைத்தே அனுப்பியிருந்தால், வாட் குறைவாக இருந்தாலும் பெரிய பாயிண்டில்தான் சொருக வேண்டும். மோட்டார் உள்ள கருவிகள் சில, ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும்.

சுவருக்குள் சூடு

கடையில் "கன்வெர்ஷன் பிளக்" என்று ஒன்று விற்கிறார்கள். பெரிய பிளக்கை அதில் சொருகி, அதைச் சின்னப் பாயிண்டில் சொருகிவிடலாம். கெய்சரும் ஓடும். வெந்நீரும் வரும். அப்புறம் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம்.

கெடுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். சின்னப் பாயிண்டுக்குப் போகும் வயர் பெரும்பாலும் மெல்லியது. மின்சாரம் ஓடினால் வயர் சூடாகும். மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! சுவருக்குள் வயரின் மேலுறை மெல்ல மெல்ல இளகும், கருகும். ஒரு நாள் தீப்பொறி பறக்கும்.

பிளக்கைக் கழற்றும்போது கை சுடுகிறதா? பாயிண்டைச் சுற்றிப் பழுப்பு நிறம் படிந்திருக்கிறதா? கருகிய வாடை வருகிறதா? "சர்ர்" என்று சத்தம் கேட்கிறதா? இவையெல்லாம் முன்னெச்சரிக்கை. உடனே நிறுத்துங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும் இதே கதைதான். அதில் நாலு துளை இருப்பதால் நாலு கெய்சர் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. நாலு துளைக்கும் சேர்த்து ஒரே வயர்தான்!

மூன்றாவது பின் எதற்கு?

மேலே தடியாக, நீளமாக இருக்கும் மூன்றாவது பின்தான் எர்த்து. "இது இல்லாமலே மிக்சி ஓடுகிறதே" என்று அதை வெட்டி எறிகிறவர்களும் உண்டு. அது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுவதாகும்.

இஸ்திரிப் பெட்டிக்குள் வயர் நைந்து இரும்பு உடலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த்து இருந்தால் மின்சாரம் அந்த வழியாக ஓடிப் பியூஸ் போய்விடும். எர்த்து இல்லாவிட்டால் பெட்டி சும்மா இருப்பதுபோலவே இருக்கும். தொடுகிற தாயின் உடல் வழியாக மின்சாரம் நிலத்துக்குப் போகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் கேட்கவே வேண்டாம்!

எர்த்துப் பின் நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சொருகும்போது அதுதான் முதலில் தொடும். கழற்றும்போது கடைசியில் விடும். எப்போதும் காவல் முன்னே, மின்சாரம் பின்னே.

செல்போன் சார்ஜர் போன்ற சிலவற்றுக்கு இரண்டு பின்தானே என்று கேட்கலாம். அவற்றுக்குள் இரட்டைக் காப்பு இருக்கிறது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளத்தைப் பாருங்கள். அது இருந்தால் எர்த்து தேவையில்லை.

பென்சில் வேண்டாம்!

பல பாயிண்டுகளில் துளைக்குள் சிறு கதவு உண்டு. எர்த்துப் பின் நுழைந்தால்தான் திறக்கும். குழந்தை குச்சியை விட்டு விளையாடாமல் இருக்க இந்த ஏற்பாடு. நாமோ எர்த்துத் துளையில் பென்சிலையும் பேனாவையும் விட்டு அந்தக் கதவைத் திறந்து, இரண்டு பின் பிளக்கைத் திணிக்கிறோம். அதைப் பார்க்கும் குழந்தை நாளைக்குத் தானும் செய்யும். பென்சிலுக்குப் பதில் ஆணி கிடைத்தால்? இரண்டு பின் பிளக்குக்கும் இடம் உள்ள பாயிண்டுகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கிப் போடுவது சிறு செலவு.

பியூஸ் காப்பாற்றுமா?

"பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது" என்று தைரியமாக இருக்கிறோம். அவை வயரைக் காப்பவை. 6 ஆம்பியர் என்பது 6000 மில்லியாம்பியர். ஓர் ஆளைக் கொல்ல அதில் மிகச் சிறு பங்கே போதும். ஆளைக் காப்பதற்குத் தனிக் கருவி உண்டு. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நிற்காவிட்டால் கருவி பழுது.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பி கட்டாதீர்கள். எம்.சி.பி.யைப் பெரியதாக மாற்றாதீர்கள். குரைக்கிற நாயின் வாயைக் கட்டினால் திருடன் வராமல் இருப்பானா?

வெளிநாட்டுச் சாமான்

நம் உருண்டைப் பின் பிளக் இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்த நாடு 1947-இல் பியூஸ் வைத்த தட்டைப் பின் பிளக்குக்கு வழி வகுத்தது. நாம் உருண்டையிலேயே நின்றுவிட்டோம். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் சாமான்களில் அந்தத் தட்டைப் பின்தான் இருக்கும். அங்கேயும் 230 வோல்ட்தான். ஆகவே எர்த்தோடு சேர்த்துச் சரியான பிளக் மாற்றினால் போதும்.

அமெரிக்கச் சாமான் அப்படியல்ல. அங்கே 120 வோல்ட். அந்த ஊர் இஸ்திரிப் பெட்டியை இங்கே சொருகினால் ஏறத்தாழ நான்கு மடங்கு சூடாகி எரிந்து போகும். சீட்டில் "100-240" என்று இருந்தால் மட்டுமே பயமில்லை.

இன்றே செய்யுங்கள்

ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு ஒவ்வொரு கருவியின் வாட்டையும் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாயிண்டில் ஓடுகிறது என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பொருந்தாதது எது என்று தெரிந்துவிடும்.

பிறகு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெரிய பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள். பாயிண்டை மட்டும் மாற்றினால் போதாது. அதற்கு ஏற்ற தடித்த வயரும் எர்த்தும் போட வேண்டும். பிளக்கும் வயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

துளைக்கு ஏற்றபடி பிளக்கை வெட்டாதீர்கள். கருவிக்கு ஏற்ற துளையை வையுங்கள். பாயிண்ட் மாற்றும் செலவு ஒரு நாளோடு போகும். போன உயிர் திரும்பி வராது!