எறிந்த தட்டு

மனித உடல் ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்குகிறது. அது இரண்டாகி, இரண்டு நான்காகி, முழு வளர்ச்சியுற்ற உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி செல்களாகப் பெருகி நிற்கிறது. தோலும் குருதியும் குடலின் உட்படலமும் நாள்தோறும் புதிய செல்களைப் பெறுகின்றன. நரம்புச் செல்களோ பெரும்பாலும் பிரிவதே இல்லை. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைச் செல்லுக்கு உணர்த்துவது எது? அந்தக் கட்டுப்பாடு தகர்ந்து, செல்கள் வரம்பின்றிப் பெருகுவதே புற்றுநோய். ஆகவே, செல்பிரிதலின் கட்டுப்பாட்டை அறிவது புற்றுநோயின் வேரை அறிவதாகும். இவ்வினாவுக்கு விடை தந்தவர்களுள் ஒருவர், ஆங்கிலேய அறிவியலாளர் பால் நர்ஸ். அவர் விடையைத் தேடிய இடம் புற்றுக்கட்டி அன்று. கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்.

தேர்வில் நேர்ந்த தடை

பால் நர்ஸ் 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்து, இலண்டனில் ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தார். உயிரியலில் பேரார்வம் கொண்டிருந்த அவருக்குப் பிரெஞ்சு மொழித் தேர்வு பெருந்தடையாயிற்று. அயல்மொழி ஒன்றில் தேர்ச்சி பெறாதவரைப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அவரோ அத்தேர்வில் ஆறு முறை தோற்றார்.

பள்ளிப் படிப்பை முடித்தும் கல்லூரிக்குள் நுழைய இயலாத நிலையில், மது வடிப்பாலை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். பின்னர் அவரது அறிவியல் திறனை உணர்ந்த பர்மிங்காம் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. அங்குப் பட்டம் பெற்றபின், கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் 1973இல் முனைவர் பட்ட ஆய்வை நிறைவு செய்தார்.

ஈஸ்ட்டைத் தேர்ந்தது ஏன்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லேலண்ட் ஹார்ட்வெல் என்னும் அறிவியலாளர், ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டில் செல்பிரிதலுக்குத் தேவையான மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து வந்தார். அவ்வாய்வுகளால் ஈர்க்கப்பட்ட நர்ஸ், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முர்டாக் மிச்சிசனின் ஆய்வகத்தில் சேர்ந்து, பிளவு ஈஸ்ட் என்னும் வேறோர் இனத்தை ஆராயத் தொடங்கினார்.

பிளவு ஈஸ்ட் சிறு கோல் போன்ற வடிவுடையது. அது பருமனில் கூடாமல் நீளத்தில் மட்டுமே வளரும்; ஏறத்தாழ 14 மைக்ரோமீட்டர் நீளத்தை எட்டியதும் நடுவில் பிளந்து இரண்டாகும். எனவே, செல்லின் நீளத்தை அளந்தாலே அது தன் வாழ்க்கைச் சுழற்சியில் எந்நிலையில் உள்ளது என்பதை அறியலாம். சில மணி நேரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், மரபணு மாற்றங்களின் விளைவை விரைவாகக் காணவும் இயலும்.

அளவிற் சிறிய செல்கள்

மரபணு பழுதடைந்ததால் பிரிய இயலாமல் நீண்டுகொண்டே போகும் செல்களை முந்தைய ஆய்வுகள் கண்டிருந்தன. நர்ஸ் கண்டதோ அதற்கு நேர்மாறானது. இயல்பான செல்லில் ஏறத்தாழப் பாதியளவே வளர்ந்த நிலையில் சில செல்கள் முந்திக்கொண்டு பிரிந்தன. ஸ்காட்லாந்து மக்கள் வழக்கில் சிறியது என்னும் பொருள்படும் 'வீ' என்னும் சொல்லையே அச்செல்களுக்கு அவர் பெயராக இட்டார்.

இவ்வேறுபாடு எளிதாகத் தோன்றலாம். அதில் அடங்கிய உண்மை பெரிது. ஒரு வண்டி நின்றுவிட்டால் அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அச்சு முறிந்தாலும் நிற்கும். சக்கரம் கழன்றாலும் நிற்கும். ஆனால், வழக்கத்தைவிட விரைந்து ஓடும் வண்டியில், வேகத்தை ஆளும் உறுப்பே மாற்றம் பெற்றிருக்க வேண்டும். அவ்வாறே, உரிய காலத்துக்கு முன்பே பிரியும் செல்லில் மாறியிருப்பது, பிரிதலின் காலத்தை வரையறுக்கும் மரபணுவாகவே இருக்க வேண்டும் என நர்ஸ் கருதினார்.

குப்பையிலிருந்து மீண்ட விடை

நுண்ணோக்கியின் வழியே செல்களை ஒவ்வொன்றாக நோக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்ட 'வீ' வகைகளை அவர் சேர்த்தார். பல மாதங்கள் நீண்ட அவ்வுழைப்பின் முடிவில், அவற்றுள் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்களே என்பது தெரிந்தது. அம்மரபணு 'வீ1' எனப்பட்டது. எஞ்சிய அந்த ஒன்றுதான் அவரது வாழ்க்கையைத் திருப்பியது.

அந்த ஒரு வகை இருந்த வளர்ப்புத் தட்டில் பூஞ்சை படர்ந்திருந்தது. அதனின்று ஈஸ்ட்டைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது கடினம். கிடைக்கப்போவதும் மற்றுமொரு 'வீ1' ஆகவே இருக்கும் என எண்ணிய நர்ஸ், தட்டைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு வீடு திரும்பினார். ஆனால், மனம் அமைதியுறவில்லை. மழை பெய்துகொண்டிருந்த அன்று மாலையே மிதிவண்டியில் ஆய்வகத்துக்குத் திரும்பி, எறிந்த தட்டை எடுத்துப் பூஞ்சையிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்தெடுக்க முற்பட்டார்.

அதில் மாறியிருந்தது 'வீ1' அன்று; 'சி.டி.சி.2' என்னும் வேறொரு மரபணு. இம்மரபணு செயலிழந்தால் செல் பிரிவதே இல்லை என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. அதே மரபணு வேறொரு வகையில் மாறும்போது செல் விரைந்து பிரிகிறது என்பது இப்போது புலனாயிற்று. நிறுத்தவும் முடுக்கவும் வல்ல அதுவே செல்பிரிதலின் தலைமைக் கட்டுப்பாடு என்பதை நர்ஸ் உணர்ந்தார். 'வீ1' அதனை அடக்கி வைக்கும் தடை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. அம்மரபணு உருவாக்கும் புரதம், பிற புரதங்களில் பாஸ்பேட்டை இணைத்து அவற்றின் செயலை மாற்றும் கைனேஸ் வகை நொதியாகும்.

ஈஸ்ட்டில் குடியேறிய மனித மரபணு

ஈஸ்ட்டில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா? இரு உயிர்களும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. இலண்டனில் இம்பீரியல் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் ஆய்வகத்தில் நர்சும் அவருடன் பணியாற்றிய மெலனி லீயும் துணிவான ஒரு சோதனையை மேற்கொண்டனர். 'சி.டி.சி.2' பழுதுற்றுப் பிரிய இயலாதிருந்த ஈஸ்ட் செல்களுக்குள், மனித மரபணுத் துண்டுகளைச் செலுத்தினர். மனிதரிடம் அதற்கு நிகரான மரபணு இருந்து, அது ஈஸ்ட்டுக்குள்ளும் செயல்பட்டால் மட்டுமே அச்செல்கள் பிழைத்துப் பெருக முடியும்.

சில செல்கள் பிழைத்தன. பிரிந்து கூட்டங்களாக வளர்ந்தன. மனித மரபணுவொன்று ஈஸ்ட்டின் உயிரைத் தாங்கி நின்றது. 1987இல் இம்முடிவு வெளியானபோது, ஈஸ்ட் முதல் மனிதன் வரை செல்பிரிதலை ஆள்வது ஒரே அடிப்படை அமைப்பே என்பது உறுதியாயிற்று.

மூவர் சேர்ந்து கண்ட உண்மை

இதே காலத்தில், டிம் ஹன்ட் என்னும் அறிவியலாளர் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்து, 1982இல் ஒரு புதிய புரதத்தைக் கண்டார். ஒவ்வொரு பிரிதலுக்கு முன்னும் பெருகி, பிரியும்போது திடீரென அழிந்து, மீண்டும் பெருகும் அதற்குச் 'சைக்ளின்' எனப் பெயரிட்டார். நர்ஸ் கண்ட கைனேஸ், சைக்ளினுடன் இணைந்தால்தான் செயல்படும் என்பது பிறகு விளங்கியது. டி.என்.ஏ. சிதைந்திருந்தால் அதனைச் சீர்செய்யும்வரை பிரிதலை நிறுத்திவைக்கும் சோதனைச்சாவடிகள் செல்லுக்குள் இருப்பதை ஹார்ட்வெல் விளக்கினார். இம்மூவருக்கும் 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புற்றுநோய்ச் செல்களில் இக்கட்டுப்பாடுகள் பலவகையில் குலைகின்றன. முடுக்கும் புரதங்கள் மிகுகின்றன. தடுக்கும் புரதங்கள் செயலிழக்கின்றன. சோதனைச்சாவடிகள் காவலின்றிக் கிடக்கின்றன. 'சி.டி.சி.2' புரதத்தின் உறவுப் புரதங்களான சி.டி.கே.4, சி.டி.கே.6 ஆகியவற்றைத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்னும் மருந்துக்கு 2015இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. முற்றிய மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையில் இத்தகைய மருந்துகள் நோய் பரவுவதைத் தாமதப்படுத்துகின்றன. எடின்பரோவில் சிறிய ஈஸ்ட் செல்களைப் பற்றிய முதல் ஆய்வுக்கட்டுரை வெளியானது 1975இல். இரண்டுக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

பயன் கருதாத் தேடல்

'ஈஸ்ட்டின் நீளத்தை அளப்பதால் நோயாளிக்கு என்ன பயன்?' என 1975இல் எவரேனும் வினவியிருந்தால், உடனடியாகக் காட்டக்கூடிய பயன் எதுவும் இருந்திராது. செல் எவ்வாறு பிரிகிறது என்னும் எளிய வினாவை உண்மையாகப் பின்தொடர்ந்ததால்தான் மருத்துவத்துக்கு வேண்டிய அறிவு பிறந்தது. உடனடிப் பயனை மட்டும் எதிர்பார்க்கும் சமூகம், அத்தகைய தேடல்களுக்கு இடமளிக்காமல் போகும்; நாளைய மருந்துகளையும் அதனுடன் இழக்கும்.

மொழித் தேர்வில் ஆறு முறை தோற்ற அந்த இளைஞர் பின்னாளில் இலண்டன் அரச கழகத்தின் தலைவராகவும், பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலும் விளங்கினார். தேர்வுத் தாள் அளந்தது அவரது பிரெஞ்சு அறிவை மட்டுமே. முன்பே முடிவு தெரியும் என்று கருதிய ஒன்றை, மழையில் திரும்பிச் சென்று மீண்டும் பார்க்கத் தூண்டிய மனப்பாங்கை எந்தத் தாளும் அளக்கவில்லை. அந்த மனப்பாங்கே அவரை அறிவியலாளர் ஆக்கியது.