ஏழு வாரம்... ஏழு புத்தகம்!

பள்ளிக்கூடம் திறந்தாச்சா குட்டீஸ்? நோட்டுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டியாச்சா? அப்படியே ஒரு போட்டிக்கும் தயாராகுங்கள்.

எங்கள் பாப்பாரப்பட்டியில்தான் விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ம் தேதி மறைந்தார். சிறையில் தொழுநோய் பிடித்தும் சோர்ந்து போகாமல், 1913-ல் ‘ஞானபானு’ என்ற மாத இதழைத் தொடங்கியவர். பாரதியாரும் அதில் எழுதினார்.

ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினால், சிவாவின் நினைவு நாளுக்குள் ஏழு வாரம் கிடைக்கும். வாரம் ஒரு புத்தகம். அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களே போதும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஏழாம் வகுப்பாக இருந்தாலும் ‘நுழை’யில் தொடங்கலாம். வெட்கமே வேண்டாம்!

எண்ணிக்கைக்குப் பரிசு கிடையாது. ஏன் தெரியுமா? நான் வேலையில் இருந்தபோது, அதிகம் படிப்பவருக்குப் பேனா என்று அறிவித்தேன். ஒரு பையன் ஒரே வாரத்தில் பன்னிரண்டு தலைப்புகளை எழுதி வந்து, பேனாவை வாங்கிப் போனான். பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறான்! தப்பு அவனுடையது அல்ல, நான் வைத்த போட்டியினுடையது. மறுவாரம் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு புத்தகம் படித்தோம். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் அந்தக் கதையைத் தன் தங்கைக்குச் சொன்னானாம்.

அதனால் விதி ஒன்றுதான். படித்த கதையைப் புத்தகத்தைப் பார்க்காமல் வீட்டில் யாருக்காவது சொல்லுங்கள். பாதியில் நிறுத்தும்போது பாட்டி “அப்புறம்?” என்று கேட்டால், அந்தப் புத்தகம் கணக்கில் சேரும்.